ட்ரிஃபாரி கிரீட ப்ரோச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரிஃபாரி என்ற அமெரிக்க நிறுவனம் 1940களில் செய்த கிரீட வடிவ ப்ரோச்சுகளை நான் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். பழைய பொருள் கடையிலோ, ஒரு வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் விற்பனையிலோ இப்படியொன்றைக் கண்டால், தெரிந்தவர்கள் உடனே படம் எடுத்து அனுப்பி, "இது அசலா, வாங்கலாமா?" என்று கேட்பார்கள். அனுப்பும் படம் பெரும்பாலும் முன்பக்கத்தின் படமாகவே இருக்கும். நான் முதலில் கேட்பது பின்பக்கத்தின் படத்தை. ஏன் என்பதும், அதையொட்டி வழக்கமாக எழும் மற்ற ஐயங்களும் இங்கே.

காஸ்ட்யூம் நகை என்பதும் நம் ஊர் கவரிங் நகை என்பதும் ஒன்றுதானா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. சிதம்பரம் கவரிங் தங்க நகையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, செம்பின் மேல் தங்க மெருகேற்றி, பார்ப்பவர் கண்ணுக்குத் தங்கமாகவே தெரிய வேண்டும் என்ற நோக்கத்தில் செய்யப்படுவது. காஸ்ட்யூம் நகையும் விலையுயர்ந்த பொன்னும் மணியும் இல்லாமல் செய்யப்படுவதுதான். வெள்ளீயக் கலவை, பித்தளை, சில காலம் வெள்ளி ஆகியவற்றின் மேல் முலாம் பூசி, கண்ணாடிக் கல்லும் எனாமலும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்வார்கள். ஆனால் 1920களில் பாரிஸில் கோகோ ஷனேல் போன்றவர்கள் அதை ஆடையின் ஓர் அங்கமாக முன்வைத்த பிறகு, அது வைரத்துக்கு மாற்று என்ற நிலையிலிருந்து விலகித் தனக்கென்று ஓர் அழகியலை உருவாக்கிக்கொண்டது. உண்மையான மாணிக்கத்தில் செய்யத் துணியாத அளவையும் நிறச் சேர்க்கையையும் கண்ணாடியில் செய்து பார்க்க முடிந்தது. ஆகவே இதைப் "போலி நகை" என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை. செய்தவர் தம் பெயரைப் பின்னால் முத்திரையாகப் பொறித்து, இன்ன உலோகம் என்றும் சொல்லி விற்ற பொருளில் பொய் எதுவும் இல்லை.

ட்ரிஃபாரி என்பது யார்?

குஸ்தாவோ ட்ரிஃபாரி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, 1904ஆம் ஆண்டு நியூயார்க்கில் குடியேறியவர். 1910களில் அங்கே சொந்தத் தொழில் தொடங்கினார். லியோ க்ரஸ்மன் என்பவரும், பிறகு கார்ல் ஃபிஷெல் என்பவரும் பங்காளிகளாகச் சேர, 1925இல் நிறுவனம் "ட்ரிஃபாரி, க்ரஸ்மன் அண்ட் ஃபிஷெல்" ஆயிற்று. மிகப் பழைய பொருள்களில் காணப்படும் டி.கே.எஃப். என்ற முத்திரை இந்த மூன்று பெயர்களின் முதலெழுத்துகளே. நிறுவனத்தின் தொழிற்சாலை பிற்காலத்தில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிழக்குப் பிராவிடன்ஸில் இயங்கியது. பிராவிடன்ஸும் அதன் சுற்றுவட்டாரமும் அமெரிக்கக் காஸ்ட்யூம் நகைத் தொழிலின் தலைநகரம் போன்றவை. முலாம் பூசுவோர், அச்சு செய்வோர், கல் பதிப்போர் என்று அத்தனை துணைத்தொழிலும் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தன.

ஆல்ஃப்ரெட் ஃபிலிப் என்ற பெயரைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவு மதிப்போடு சொல்வது ஏன்?

நாம் இன்று "ட்ரிஃபாரியின் அழகு" என்று எதைச் சொல்கிறோமோ அதன் பெரும்பகுதி அவருடைய கையிலிருந்து வந்தது. பிரான்சில் பிறந்து பாரிஸின் எகோல் பூல் கலைப்பள்ளியில் பயின்ற அவர், நியூயார்க்கில் வில்லியம் ஷீர் என்பவரின் பட்டறையில் வேலை பார்த்தார். கார்ட்டியே, வான் க்ளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் ஆகிய பெரும் நகைக்கடைகளுக்கு உண்மையான பொன்னிலும் மணியிலும் நகை செய்து கொடுத்த பட்டறை அது. 1930இல் ட்ரிஃபாரி அவரைத் தலைமை வடிவமைப்பாளராகச் சேர்த்துக்கொண்டது. 1968 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவர் அங்கேயே இருந்தார்.

உயர்ந்த நகையில் கற்ற இலக்கணத்தை அவர் கண்ணாடிக்கும் வெள்ளீயத்துக்கும் தளர்த்தவில்லை என்பதே விஷயம். கல்லை எந்தக் கோணத்தில் உட்கார வைத்தால் ஒளி பிடிக்கும், இலையின் விளிம்பு எங்கே மெலிய வேண்டும், பக்கவாட்டில் பார்க்கும்போது உருவம் எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்ற கவனமெல்லாம் அப்படியே இருந்தது. கார்ட்டியே இந்தியாவில் செதுக்கப்பட்ட மாணிக்க, மரகத, நீலக்கல் இலைகளையும் கனிகளையும் கொண்டு "டுட்டி ஃப்ரூட்டி" என்று பெயர்பெற்ற நகைகளைச் செய்தது அல்லவா, அதன் பாணியை அச்சில் வார்த்த கண்ணாடி இலைகளால் ட்ரிஃபாரி செய்தது. சேகரிப்பாளர்கள் அதைப் "பழக்கலவை" என்ற பொருள்படும் "ஃப்ரூட் சாலட்" என்ற பெயரில் தேடுகிறார்கள். வான் க்ளீஃப் 1933இல் காப்புரிமை பெற்ற, உலோகமே வெளியே தெரியாமல் கற்களை நெருக்கிப் பதிக்கும் முறையையும் அவர் கண்ணாடிக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார். இந்திய மன்னர்களுக்காகக் கல்லில் இலை செதுக்கியவர்களின் கைத்திறன், பாரிஸ் வழியாக, மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் கோட்டு மடிப்பில் வந்து அமர்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கிரீட ப்ரோச் எப்படி இருக்கும்?

அரச கிரீடத்தின் சிறிய உருவம். பொன்நிற வளைவுகளும், அடியில் ஒரு பட்டையும், உச்சியில் ஒரு சிறு சிலுவையோ உருண்டையோ இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் பட்டை தீட்டாத, வழுவழுப்பான குமிழ்க் கற்கள் வளைவுகளுக்கு இடையில் அமர்ந்திருக்க, அவற்றைச் சுற்றிலும் வெண்ணிறச் சிறு கற்கள் மின்னும். மங்கலான பால்நிறக் கற்களோடு வந்த வகையும் உண்டு. ஒரே வடிவம் பெரியதும் சிறியதுமாக இரண்டு அளவுகளில் கிடைப்பது வழக்கம். பெரியது ஏறத்தாழ இரண்டு அங்குலம்.

கிரீடம் ட்ரிஃபாரியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1930களின் பிற்பகுதியிலிருந்து நிறுவனத்தின் முத்திரையிலேயே டி எழுத்தின் தலையில் ஒரு கிரீடம் அமர்ந்தது. பிரிட்டனில் 1937இலும் 1953இலும் நடந்த முடிசூட்டு விழாக்கள் அமெரிக்காவிலும் கிரீட வடிவங்களுக்கு ஓர் ஆர்வத்தைத் தூண்டின.

பழைய கிரீட ப்ரோச் வெள்ளியில் செய்யப்பட்டிருப்பது ஏன்? விலை குறைந்த நகைக்கு வெள்ளி எதற்கு?

காரணம் போர். காஸ்ட்யூம் நகையின் வழக்கமான அடிப்பொருள் வெள்ளீயமும் காரீயமும் கலந்த, எளிதில் உருகும் வெள்ளை உலோகம். 1942இன் தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானின் கைக்குப் போனதும், உலகின் வெள்ளீயத்தில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போயிற்று. இருந்ததையும் படைக்கலங்களுக்கென்று ஒதுக்கி, நகைக்குப் பயன்படுத்துவதை அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது. செம்புக்கும் பித்தளைக்கும் அதே நிலைதான். நகைத் தொழிலாளர்களுக்கு மிஞ்சியது வெள்ளி. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்ட ஸ்டெர்லிங்கில் வார்த்து, மேலே தங்க முலாம் பூசினார்கள்.

இது பொருளை மட்டுமல்ல, செய்முறையையும் மாற்றியது. வெள்ளை உலோகத்தை ரப்பர் அச்சில் ஊற்றிச் சுழற்றி வார்த்துவிடலாம். ஸ்டெர்லிங் வெள்ளியோ 900 டிகிரி செல்சியஸுக்கு நெருக்கமான வெப்பத்தில் உருகுவது. அந்தச் சூட்டை ரப்பர் தாங்காது. ஆகவே மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுமண் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றும் முறைக்குத் தொழில் நகர்ந்தது. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கும் முறையின் அடிப்படையும் இதுவே. போர்க்கால ட்ரிஃபாரி ப்ரோச்சை உள்ளங்கையில் வைத்தால் தெரியும் கனமும், நுண்ணிய கோடுகளின் கூர்மையும் இந்தக் கட்டாயத்தின் விளைவு.

போர் முடிந்ததும் நிறுவனம் வெள்ளியை விட்டு விலகி, "ட்ரிஃபானியம்" என்று தான் பெயரிட்ட உலோகக் கலவைக்கு மாறியது. ஆகவே "ஸ்டெர்லிங்" என்று பொறித்த ட்ரிஃபாரி கிரீடம் கிடைத்தால், அதன் காலத்தை 1942ஐ ஒட்டித் தொடங்கும் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம்.

பின்பக்கத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முன்பக்கம் வாங்குபவரை மகிழ்விப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் கற்களை மாற்றலாம், மெருகை ஏற்றலாம். பின்பக்கத்தை அழகுபடுத்த யாரும் மெனக்கெடுவதில்லை என்பதால் அது உள்ளதை உள்ளபடி சொல்லும். நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

முதலில் முத்திரை. கிரீடம் தலையில் வைத்த டி எழுத்தோடு "ட்ரிஃபாரி" என்ற பெயர், அதன் அருகே "ஸ்டெர்லிங்", சில சமயம் "காப்புரிமை கோரப்பட்டுள்ளது" என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அல்லது வடிவமைப்புக் காப்புரிமையின் எண். இந்த எண் ஒரு பொக்கிஷம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய ஆவணங்கள் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கின்றன. எண்ணைக் கொண்டு தேடினால் வடிவமைத்தவரின் பெயரும், விண்ணப்பித்த நாளும், அவர் கொடுத்த கோட்டோவியமும் கண்முன் வந்துவிடும். கையில் இருக்கும் ப்ரோச்சை எண்பது ஆண்டுக்கு முந்தைய ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவத்தை ஒருமுறையேனும் பெற்றுவிடுங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: ஓர் எண் பதிவான பிறகும் அந்த வடிவம் பல ஆண்டுகள் உற்பத்தியில் இருந்திருக்கலாம். எண் சொல்வது வடிவம் பிறந்த காலத்தை. அந்தக் குறிப்பிட்ட துண்டு வார்க்கப்பட்ட நாளை அல்ல.

அடுத்து ஊசியும் கீலும் கொக்கியும். ஊசி தானாகக் கழன்று விழாதபடி சுழன்று பூட்டிக்கொள்ளும் கொக்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு பரவியது. அதற்கு முந்தைய ப்ரோச்சுகளில் ஒரு சாதாரண வளைவு மட்டுமே இருக்கும். 1930களிலும் 1940களிலும் ஊசிக்குப் பதிலாக இரண்டு நீண்ட கூர்முனைகள் கொண்ட கிளிப்பும் வழக்கில் இருந்தது. கம்பளி உடையிலும் மென்மயிர்க் கோட்டிலும் குத்திக்கொள்வதற்கானது அது. இரண்டு கிளிப்புகளைச் சேர்த்தால் ஒரே ப்ரோச்சாகவும், பிரித்தால் கழுத்து விளிம்பின் இரு மூலைகளிலும் அணியக்கூடியதாகவும் ட்ரிஃபாரி 1930களில் செய்த "க்ளிப்மேட்ஸ்" வகை தனியாகத் தேடப்படுகிறது.

ஊசி பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் அது இணையும் இடத்தில் ஈயப் பற்றாசு திட்டாக, சாம்பல் நிறத்தில் தெரியும். அத்தகைய பழுதுபார்த்த ப்ரோச்சை வாங்கக் கூடாது என்பதில்லை. அசல் நிலையில் உள்ளதற்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கடைசியாகப் பரப்பு. ட்ரிஃபாரி பின்பக்கத்தையும் மழமழப்பாக்கி முலாம் பூசித்தான் அனுப்பியது. புள்ளிப் புள்ளியாகக் குழிகளும், வார்ப்பின் பிசிறுகளும், கல் குழியைச் சுற்றி வழிந்து காய்ந்த பசையும் இருந்தால் ஐயப்படுங்கள்.

வட்டத்துக்குள் சி எழுத்து இருந்தால் அது எந்தக் காலத்தது?

அது பதிப்புரிமைக் குறி. 1955ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்யப்பட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பின்னால் ஒரு நீதிமன்றக் கதை இருக்கிறது. வடிவமைப்புக் காப்புரிமை கையில் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு பருவத்தின் நாகரிகமே மாறிவிடும், நகலெடுப்பவர்களும் சம்பாதித்துவிடுவார்கள். இதனால் சலித்துப்போன ட்ரிஃபாரி, தன் வடிவத்தை நகலெடுத்ததாகச் சாரெல் என்ற நிறுவனத்தின் மேல் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. 1955இல் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி அரசின் மாவட்ட நீதிமன்றம், காஸ்ட்யூம் நகையும் கலைப்படைப்பாகக் கருதப்பட்டுப் பதிப்புரிமைக்கு உரியதாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. நூலுக்கும் ஓவியத்துக்கும் இருந்த பாதுகாப்பு கண்ணாடிக் கல் பதித்த நகைக்கும் கிடைத்தது அப்போதுதான். அதன்பின் மற்ற நிறுவனங்களும் அந்தக் குறியைப் பொறிக்கத் தொடங்கின.

ஆகவே "ஸ்டெர்லிங்" என்ற சொல்லும் அந்த வட்டக் குறியும் ஒரே கிரீட ப்ரோச்சில் சேர்ந்து வந்து, அதை விற்பவர் 1940களின் பொருள் என்று சொன்னால், அந்தக் கூற்றில் காலம் பொருந்தவில்லை.

கற்கள் வெறும் கண்ணாடியா? அப்படியானால் அவ்வளவு ஒளி எப்படி?

கண்ணாடிதான். ஆனால் காரீயம் கலந்து ஒளிவிலகலைக் கூட்டி, வைரத்தைப் போலவே பட்டை தீட்டி, அடியில் கண்ணாடிக்கு ரசம் பூசுவது போல மெல்லிய உலோகப் பூச்சு இட்ட கண்ணாடி. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் ஜார்ஜ் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ராஸ் இத்தகைய கற்களால் புகழ்பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்தக் கல்லுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கையால் தீட்டிய இந்த வேலையை 1892இல் இயந்திரத்துக்கு மாற்றியவர் பொஹிமியாவின் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. அவர் 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸ் ஊரில் தொடங்கிய ஆலையின் கற்களை ட்ரிஃபாரி பெருமளவு பயன்படுத்தியது.

காலக்கணிப்புக்கு உதவும் ஒரு குறிப்பு: எண்ணெய்ப் படலம் போல வானவில் நிறங்கள் மாறிமாறித் தெரியும் "அரோரா பொரியாலிஸ்" பூச்சுக் கல் 1950களின் நடுப்பகுதியில்தான் ஸ்வரோவ்ஸ்கியிடமிருந்து வந்தது. அந்தக் கல் பதித்த ப்ரோச்சைப் போர்க்காலத்தது என்று யாராவது சொன்னால், ஒன்று கூற்று தவறு, அல்லது கல் மாற்றப்பட்டிருக்கிறது.

"ஜெல்லி பெல்லி" என்பதும் ட்ரிஃபாரிதானா?

ஆம், அதே போர்க்காலத்தின் இன்னொரு பிள்ளை. சேவல், மீன், பென்குயின், பூடில் நாய் போன்ற உருவங்களின் வயிற்றுப் பகுதியில் லூசைட் என்ற தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பெரிய குமிழாகப் பதித்து, சுற்றிலும் வெள்ளியில் தலையும் வாலும் செய்தார்கள். இவற்றையும் ஃபிலிப்தான் வடிவமைத்தார். போர் விமானங்களின் கண்ணாடிக்கென்று செய்து கழித்துப்போட்ட துண்டுகளிலிருந்து இந்தக் குமிழ்கள் வந்தன என்ற கதை சேகரிப்பாளரிடையே பரவலாக உண்டு. லூசைட்டைத் தொட்டால் கண்ணாடியைப் போலக் குளிராது. அதுவே எளிய சோதனை. உள்ளே நூல் போன்ற விரிசல்கள் இருந்தால் வாங்குவதைத் தவிருங்கள், அவற்றை எதனாலும் சரிசெய்ய முடியாது. ஸ்பிரிட், அசிட்டோன் ஆகியவற்றை லூசைட்டின் அருகிலும் கொண்டுபோகாதீர்கள்.

மறுவெளியீடு, போலி இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

மறுவெளியீடு ட்ரிஃபாரியே பிற்காலத்தில் தன் பழைய வடிவங்களை மீண்டும் செய்து விற்றது. 1980களில் கிரீட ப்ரோச்சுகள் இப்படி வந்தன. அவற்றில் ஸ்டெர்லிங் என்ற சொல் இராது; உலோகம் இலகுவாகவும் முலாம் சற்றுப் பளீரென்றும் இருக்கும். அவையும் அசல் ட்ரிஃபாரியே. அணிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நல்ல தேர்வும்கூட. 1940களின் விலைக்கு விற்றால் மட்டுமே தவறு.

போலி வேறு. யாரோ ஓர் அசல் ப்ரோச்சை வைத்து அச்செடுத்து வார்த்தது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், அசலிலிருந்து அச்செடுத்த நகல் எப்போதும் அசலைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும். கோடுகளும் முத்திரையின் எழுத்துகளும் மழுங்கித் தெரியும். எனவே நம்பிக்கையான ஓர் அசலின் அளவைக் கவராயத்தால் அளந்து குறித்து வைத்திருப்பது பல பக்க விளக்கத்தைவிடப் பயனுள்ளது. குமிழ்க் கற்களையும் பாருங்கள்: பழைய கண்ணாடிக் குமிழின் நிறம் ஆழமாக, ஒரே சீராக இருக்கும், போலிகளில் பிளாஸ்டிக் குமிழ்கள் வருகின்றன, பல்லில் மெதுவாகத் தட்டினாலே ஓசையின் வேறுபாடு தெரிந்துவிடும்.

தண்ணீரில் கழுவலாமா?

வேண்டாம். இந்த ஒரு விடையை மட்டுமாவது எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சேகரிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு தேவாலய விற்பனையில் வாங்கிய சிறிய கிரீட ப்ரோச்சை, தங்க நகைக்குப் பூந்திக்கொட்டை நுரையில் என் பாட்டி செய்வது போலவே, சோப்பு நீரில் ஊறவைத்துத் துலக்கினேன். அன்று மாலை அது அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் வெண்கற்களில் ஏழு எட்டு மஞ்சளித்து, பிறகு கறுத்துப்போயின. கல்லின் அடிக்குள் புகுந்த ஈரம் அந்த மெல்லிய உலோகப் பூச்சை அரித்துவிட்டது. அதன்பின் அந்தக் கல்லுக்கு உயிர் திரும்புவதில்லை. சேகரிப்பாளர்களும் அதைச் "செத்த கல்" என்றே சொல்கிறார்கள். பொன்னும் வைரமும் நீரைத் தாங்கும், அடிப்பூச்சு இட்ட கண்ணாடி தாங்காது என்ற வேறுபாட்டை எனக்கு அந்தப் ப்ரோச்தான் கற்பித்தது. அதை இன்னமும் வைத்திருக்கிறேன்.

மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அழுக்கு போகவில்லை என்றால் பஞ்சுக்குச்சியை நீரில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, உலோகத்தை மட்டும் துடைத்து, ப்ரோச்சைக் கவிழ்த்து வைத்து உலர விடுங்கள். அதிர்வலைத் தொட்டியில் போடுவதும், வெள்ளி பளபளக்கும் திரவத்தில் முக்குவதும், புளி, எலுமிச்சை தேய்ப்பதும் கூடவே கூடாது. தங்க முலாம் பூசிய வெள்ளியில் தேய்ப்பு எதுவாக இருந்தாலும் முலாமைத்தான் முதலில் எடுத்துச் செல்லும்.

பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதே?

செம்பு கலந்த உலோகம் ஈரத்தோடும் வியர்வையோடும் சேர்ந்ததன் விளைவு. மேலோட்டமாக இருந்தால் மரக்குச்சியின் முனையால் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, உலர்த்தித் தனியாக வைத்துக் கவனியுங்கள். கல் குழிக்குள்ளிருந்து பச்சை பொங்கி வருகிறது என்றால் வாங்காதீர்கள்.

ஒரு கல் விழுந்துவிட்டது. எந்தப் பசையால் ஒட்டலாம்?

நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அது காயும்போது எழும் ஆவி சுற்றியுள்ள கற்களில் வெண்படலமாகப் படியும், பின்னர் கல்லைக் கழற்றவும் விடாது. நகைவேலைக்கென்று விற்கும் மெதுவாக உலரும் பசையை ஊசி முனையளவு இட்டால் போதும். மாற்றுக் கல்லைப் புதிதாக வாங்குவதைவிட, உடைந்துபோன பழைய காஸ்ட்யூம் நகையிலிருந்து எடுப்பதே நல்லது, ஏனென்றால் புதுக்கல்லின் பளிச்சென்ற வெண்மை எண்பது ஆண்டு பழகிய கற்களுக்கு நடுவே தனித்துத் தெரியும். கல்லைப் பிடிக்கும் பற்கள் இருக்கும் வகையில், அவற்றை ஒருமுறைக்கு மேல் நிமிர்த்தி வளைக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

முலாம் தேய்ந்துவிட்டது. நம் ஊர்ப் பட்டறையில் மீண்டும் மெருகேற்றலாமா?

அணிவதற்கு மட்டும் என்றால் உங்கள் விருப்பம். ஆனால் முலாம் பூசுவதற்கு ப்ரோச்சை அமிலத்திலும் மின்பகு திரவத்திலும் முக்கியாக வேண்டும்; கற்களுக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். கற்களைக் கழற்றிப் பூசினாலும், முத்திரையின் கூர்மை குறைந்து, சேகரிப்பு மதிப்புப் போய்விடும். தேய்ந்த விளிம்பில் வெள்ளி எட்டிப் பார்ப்பதை நான் குறையாகவே கருதுவதில்லை.

சேலையில் குத்திக்கொள்ளலாமா?

கோட்டுத் துணிக்கென்று செய்த ஊசி இது. நாம் வழக்கமாகத் தோள் மடிப்பில் குத்தும் சேலை ப்ரோச்சின் ஊசியைவிடத் தடித்தது. மெல்லிய பட்டிலும் ஷிஃபானிலும் குத்தினால் துளை நிலைத்துவிடும், ஸ்டெர்லிங் கிரீடத்தின் கனம் துணியை இழுக்கவும் செய்யும். மடிப்புகளைச் சேர்த்து, உள்ளே ஒரு சிறு கம்பளித் துண்டை வைத்து, ரவிக்கையின் தோளோடு சேர்த்துக் குத்தினால் காஞ்சிபுரத்தின் கனமான முந்தானை தாங்கும். கைத்தறிப் பருத்தியில் இன்னும் நன்றாக நிற்கும். வாசனைத் திரவியமும் தலைமுடித் தெளிப்பானும் முடிந்த பிறகே ப்ரோச்சை எடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

ஒவ்வொன்றையும் அமிலம் நீக்கிய மென்தாளில் சுற்றித் தனித்தனியாக வையுங்கள். பி.வி.சி. பைகள் காலப்போக்கில் பசைபோல் கசிந்து உலோகத்தைக் கெடுக்கும்; ரப்பர் பட்டையும் கம்பளித் துணியும் கந்தகத்தால் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கடலோர ஊர்களில் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் கட்டாயம், ஏனென்றால் பழைய வெள்ளை உலோகத்தில் காரீயம் உண்டு.

பெரிய இடத்தில் இருந்தவர்கள் இதையெல்லாம் அணிந்தார்களா?

1953இல் அமெரிக்க அதிபராக ஐசனோவர் பதவியேற்றபோது, அவருடைய மனைவி மேமி ஐசனோவர் பதவியேற்பு விருந்து நடனத்துக்கு அணிந்தது ட்ரிஃபாரி செய்துகொடுத்த செயற்கை முத்து அணித் தொகுதி. அதற்கான அவருடைய இளஞ்சிவப்பு ஆடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கற்கள் தைக்கப்பட்டிருந்தன. நாட்டின் முதல் பெண்மணி அத்தகைய நாளில் காஸ்ட்யூம் நகை அணிந்தது அப்போது பெரிய செய்தி. 1957இல் இரண்டாம் பதவியேற்பின்போதும் அவர் ட்ரிஃபாரியையே நாடினார்.

நிறுவனம் இன்னும் இருக்கிறதா?

பழைய வடிவில் இல்லை. 1975இல் ஹால்மார்க் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பின்னர் கைமாறிக் கைமாறி, மோனே குழுமத்தின் வழியாக 2000இல் லிஸ் க்ளைபோர்ன் என்ற ஆடை நிறுவனத்திடம் சென்றது. பெயர் மட்டும் புதிய பொருள்களில் தொடர்ந்தது.

முதலீடாக வாங்கலாமா?

கூடாது. விலை நாகரிகத்தோடு ஏறி இறங்கும்; இதில் உள்ள வெள்ளியின் எடைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் சொற்பமே. நிலை, முழுமை, அபூர்வம் மூன்றும் சேர்ந்துதான் விலையை முடிவு செய்கின்றன; ஒரு கல் கறுத்திருந்தாலே வாங்குபவர் பேரம் பேசத் தொடங்குவார்.

என்னிடம் இருப்பதில் முத்திரையே இல்லை. அது மதிப்பற்றதா?

இல்லை. 1930களுக்கு முன்பும், அதன்பிறகும்கூட, நல்ல பட்டறைகள் பல முத்திரையில்லாமல் விற்றிருக்கின்றன. தொகுதியாக விற்றபோது கழுத்தணியில் மட்டும் பெயர் பொறித்துத் தோட்டை விட்டுவிடுவதும் உண்டு. பெயர் எழுதிய அட்டை வாங்கிய அன்றே கிழித்தெறியப்பட்டிருக்கும். அதையும் கவிழ்த்துப் போட்டு, கொக்கியையும் கீலையும் பரப்பையும் கல்லின் பிடிமானத்தையும் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். வேலை நன்றாக இருந்து, உங்களுக்கும் பிடித்திருந்தால், பெயர் தெரியாத அந்தக் கைக்காரரின் ப்ரோச்சைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டியில் அப்படி ஐந்து இருக்கின்றன.